தட்டிக்கு அந்தப் பக்கம்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றால், நாளைக் காலையில் நான் எழுந்தாலும் என் நாக்கு எழுந்திருக்காமல் போகட்டும். தீர்த்தமலை ஈசன் மேல் ஒரு சத்தியம், தேவதூதர் மிக்கேல் சம்மனசு மேல் ஒரு சத்தியம், இரண்டும் போட்டுவிட்டேன். ஒருவர் சாட்சிக்கு வர மறுத்தாலும் இன்னொருவர் வருவார். சூரியன் மேலும் போட்டிருப்பேன். ஆனால் சங்கதி நடந்தது தாழ்வாரத்து நிழலில். அவர் பார்த்திருக்க மாட்டார். பார்க்காதவரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

இண்டூருக்குப் பக்கத்தில் மிக்கேல் கொட்டாய் என்று ஒரு சிற்றூர். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவன் வியாகுலம். ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த சாமியார் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். காற்றடித்த டியூப் வெடித்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். வியாகுலம், ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று கவலைப்படுவான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு வியாழக்கிழமை காலையில் கூழ்ச் சட்டிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, மனைவி பாக்கியமேரியிடம் ஓர் அறிவிப்புச் செய்தான்.

"மேரி, இனிமே சகாயத்தோட படிப்பு பூராவும் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா நான் போறேன். நீ அலைய வேண்டாம்."

பாக்கியமேரி கூழ் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"நேத்து எங்கியாச்சும் விழுந்தீங்களா? தலையில அடி கிடி?"

"ஒரு அப்பன் பெத்த புள்ளையோட படிப்பைப் பத்திப் பேசக் கூடாதா?"

"தாராளமாப் பேசலாமுங்க. அவ எந்தக் கிளாஸு?"

"மூணு."

அப்போதே பாக்கியமேரிக்குப் பொறி தட்டியது. மிக்கேல் கொட்டாயில் எந்த அப்பனைக் கேட்டாலும் வானத்தைப் பார்ப்பான், விரலை மடக்குவான், கடைசியில் பெண்டாட்டியைக் கூப்பிடுவான். பட்டென்று பதில் சொல்கிற அப்பனிடம் ஏதோ இருக்கிறது.

"நாளைக்குத்தானுங்க தட்டி?"

"நாளைக்குத்தான். நான் போறேன்."

"போங்க," என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தது வியாகுலத்துக்குப் புதுக் கவலையாகிவிட்டது.

தட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பரீட்சை முடிந்ததும் பெற்றோரைக் கோயில் முற்றத்தில் உட்கார வைத்து, எந்தப் பிள்ளை எதில் கெட்டி, எதில் மக்கு என்று வாத்தியார் உரக்கச் சொல்வார். ஒரு தடவை பச்சியப்பன் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று சொன்னார். "அது அவங்க வம்சத்துக்கே வராது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்போது கிளம்பிய சண்டையின் சத்தத்தில் மொரப்பூர் ஸ்டேஷனில் சேலத்து ரயிலை நிறுத்திவிட்டு, கார்டு இறங்கிக் காது கொடுத்துக் கேட்டாராம். ஊர்க் கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. அந்த வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது முன்பக்கம் பார்த்து நடக்கவில்லை என்று சொல்வார்கள்.

பிறகு பெரிய டீச்சராக வந்தவர் இசபெல்லா. "பிள்ளைங்க என்ன படிக்குதுங்கன்னு பெத்தவங்களுக்குச் சொல்லியே ஆகணும். ஆனா தனித்தனியாச் சொல்வோம்" என்றார். தனியாகச் சொல்ல அறை ஏது? இருந்த இரண்டு அறையிலும் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கோயிலுக்குள் போய், சாமியார் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, முட்டி போட்டவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்கிற இடத்தை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மூங்கில் தட்டி நின்றது. அந்தப் பக்கம் டீச்சருக்கு நாற்காலி. இந்தப் பக்கம் பெற்றோருக்கு முக்காலி. குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். காத்திருப்பவர்கள் காதில் விழக் கூடாது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "முகத்தைப் பாத்தா முறைக்கத் தோணும். காதுல மட்டும் உழுந்தா மனசுக்குப் போவும்" என்பது டீச்சரின் கட்சி. பங்குச் சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு, "பாவத்துக்கு இருக்கிற வசதி கணக்குக்கும் இருக்கட்டுமே" என்று விட்டுவிட்டார்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, தட்டி அபாரமாக வேலை செய்தது. கிழக்கே தோட்டம் வைத்திருக்கிற நஞ்சப்பக் கவுண்டர், கோயில் பக்கமே வராதவர், மகனுக்காக வந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "பையனுக்குத் தமிழ் வாசிக்க வரல. தெனமும் ஒரு பாடம் வாசிக்கச் சொல்லி நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க" என்று உள்ளிருந்து வந்தது. கவுண்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்படியே ஆவட்டும் தாயே. ஒரு சேவல் உட்டுடறேன்" என்றார். பையன் தேறிவிட்டான். சேவலை டீச்சர் வாங்காததால் அது பள்ளிக்கூடத்தையே சுற்றிக்கொண்டு, கடைசியில் இரண்டாம் வகுப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

சரி, வியாகுலத்துக்கு இந்தத் தட்டியைக் கண்டால் என்ன பயம்?

அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மாதாமாதம் இண்டூர் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, துப்பறியும் நாவல், அது. அட்டையில் ஒரு கத்தி, கத்திக்குப் பின்னால் ஒரு பங்களா, பங்களாவுக்குப் பின்னால் ஒரு நிலா. அதைப் பார்த்தால் வியாகுலத்துக்குக் கை துடிக்கும். வாங்கிவிடுவான். ஆனால் வாசிப்பது எப்படி? அவன் எழுத்துக் கூட்டி ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் கொலைகாரன் பெங்களூர் போய்ச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டுவிடுவான்.

ஊருக்கு வியாகுலம் எட்டாவது படித்தவன். பாக்கியமேரியைப் பெண் பார்க்கப் போனபோது தரகர் அப்படித்தான் சொன்னார். தரகரையும் குற்றம் சொல்ல முடியாது. வியாகுலம் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனது நிஜம். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பதுதான் விட்டுப்போன விவரம்.

எட்டாவது படித்தவன் யாரிடம் போய், "இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டு" என்று கேட்பான்? கேட்கக்கூடிய ஒரே ஆள், மகள் சகாயமேரி. அவள் வாசித்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். வீட்டில் வாசிக்கச் சொன்னால் பாக்கியமேரி, எட்டாவதுக்கு எதற்கு மூணாவது துணை என்று கேட்பாள். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள், மதியச் சோறு முடிந்ததும் வியாகுலம் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நிற்பான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான்.

"எங்க மாமியாளுக்கு ரொம்ப முடியலீங்க டீச்சர். பேத்தியைப் பாக்கணும்னு கண்ணுல தண்ணி உடுது."

இசபெல்லா டீச்சரும் கண்ணில் தண்ணீர் விட்டு அனுப்பிவைப்பார். சைக்கிள் மாமியார் வீட்டுக்குப் போகாது. நஞ்சப்பக் கவுண்டரின் மாந்தோப்புக்குப் போகும். வியாகுலம் துண்டை விரித்து மல்லாந்து படுப்பான். சகாயமேரி தேன்மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "இன்ஸ்பெக்டர் ரத்தக்கறையைக் குனிந்து பார்த்தார்" என்று ஆரம்பிப்பாள். அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொலைகாரன் யார் என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. முடிந்த புத்தகம் மாட்டுக் கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் செருகப்படும். முடியாததும் அங்கேதான்.

இப்போது பயம் புரிந்திருக்கும். பாக்கியமேரி தட்டிக்குப் போனால் டீச்சர் முதலில் கேட்கப்போவது, "உங்க அம்மா எப்படி இருக்காங்க?" அதோடு எல்லாம் வெளியே வரும். மகளை மதியத்தில் இழுத்துக்கொண்டு போனது வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எட்டாவதும் வரும். பாக்கியமேரி சண்டை போடுவாள், அதுகூடப் பரவாயில்லை. குழாயடியில், "எங்கூட்டுக்காரரு எட்டாவதாக்கும்" என்று அவள் குடத்தை இடுப்பில் ஏற்றுகிற அழகு ஒன்று இருக்கிறதே, அது போய்விடும். வியாகுலத்துக்குப் பயம் அதற்குத்தான்.

தான் போவது மட்டும் போதாது, அவள் ஊரிலேயே இருக்கக் கூடாது என்று அவன் முடிவு கட்டினான். அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு மூச்சு வாங்க வந்தான்.

"மேரி, மொரப்பூர்லருந்து கருப்பண்ணன் வந்திருந்தான். உங்கம்மாவுக்குக் காய்ச்சலாம்."

"காய்ச்சலா? எப்பருந்து?"

"அவன் ரயிலைப் புடிக்கற அவசரத்துல சொன்னான். நீ காலையில பஸ்ஸுக்குப் போயிட்டு வந்துரு."

"தட்டி?"

"அதான் நான் இருக்கறனே."

மறுநாள் காலை அவனே அவளைப் பஸ் ஏற்றினான். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தான். பஸ் போய், புழுதி அடங்கி, புழுதிக்குள்ளிருந்து யாரும் இறங்கி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினான். திரும்பி, சவரம் செய்துகொண்டான். வெள்ளைச் சட்டை போட்டான். கழற்றினான். வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி இருக்கிறது என்று நீலம் போட்டான். நீலத்தில் வேர்வை தெரிந்தது. மறுபடி வெள்ளை. யாரும் காத்திருக்காத நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு மணி அடிக்கும்போது கிளம்பினான்.

அதற்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வியாகுலத்திடம் சொல்லாதீர்கள், அவனுக்கு இன்னும் தெரியாது.

பாக்கியமேரி இண்டூரில் பஸ் மாறுவதற்காக இறங்கினாள். வெள்ளிக்கிழமைச் சந்தை. அங்கே காய்ச்சலில் கிடக்க வேண்டிய அவள் அம்மா ராஜமேரி, கடலைக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வழியை மறித்து நின்ற காளைமாட்டைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தாள். மாடு தள்ளிப் போனது.

"காய்ச்சலா? எனக்கா? எந்தக் கழிச்சல்ல போனவன் சொன்னது?"

"உங்க மருமவன்."

"அவனுக்குத்தான் வரும் பாரு."

பாக்கியமேரி மொரப்பூர் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. வயல் வழியாக விடுவிடுவென்று நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். இசபெல்லா டீச்சர் அவளைக் கண்டதும் தட்டியையும் மறந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க? இழுத்துக்கிட்டு இருக்குதுன்னு சொன்னாரே. மூணாங் கிளாஸ் பிள்ளைங்க தெனம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுதுங்க."

பாக்கியமேரி கெட்டிக்காரி. "உங்க மந்திரம்தான் டீச்சர் காப்பாத்துச்சு" என்றாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகக் கறந்தாள்.

"வாசிப்புல உங்க பொண்ணை மிஞ்ச ஆளில்ல," என்றார் டீச்சர். "அஞ்சாவது புள்ளைங்களே அவகிட்ட நிக்க முடியாது. ஆனா பசுவைப் பத்தி அஞ்சு வரி எழுதச் சொன்னா, கடைசி வரியில பசு செத்துக் கெடக்குது. பால்காரர் மேல சந்தேகம். கணக்குதான் சுத்தமா வரல. மதியத்துலதான கணக்கு? அவ இருந்தாத்தான சொல்லிக் குடுக்க? இருபதை நாலாப் பிரின்னா அழுவுறா."

அந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் செய்கிற நஞ்சம்மாள் ஓடிவந்து, பருப்பு அடிபிடித்துவிட்டது, சேவல் வேறு அரிசி மூட்டையில் ஏறி நிற்கிறது என்றாள். டீச்சர் பாக்கியமேரியைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். "யாராச்சும் வந்தா இருக்கச் சொல்லுங்க" என்றுவிட்டு ஓடினார்.

வியாகுலம் வந்தான்.

அவன் போட்டு வைத்திருந்த திட்டம் ரொம்பச் சின்னது. போவது, கேட்பது, தலையாட்டுவது, திரும்புவது. அதில் தப்பு நடக்க இடமே இல்லை. ஆனால் தட்டியைப் பார்த்ததும் முக்காலி அவன் கண்ணில் படவில்லை. கால் தானாக மடங்கி முட்டி போட்டது. முட்டி போட்டதும் கை தானாகச் சிலுவை போட்டது.

"டீச்சருங்க, வியாகுலம் வந்திருக்கறனுங்க. சகாயமேரி அப்பன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பாக்கியமேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

வியாகுலம் காத்திருந்தான். டீச்சர் பேச வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் முதல் நன்மை வாங்கிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகத் தொடங்கிய வயதிலிருந்து அவனுக்குப் பழகிய முறை வேறு. தட்டிக்கு அந்தப் பக்கம் மௌனம் என்றால் இந்தப் பக்கத்து ஆள் வாயைத் திறக்க வேண்டும். மௌனம் நீண்டது. வேர்வை காதோரம் இறங்கியது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"டீச்சருங்க, நான் பாவி."

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்பச் சன்னமாகக் குசுகுசுவென்று வந்தது. "சொல்லுங்க."

"எங்க மாமியா நல்லாத்தான் இருக்குதுங்க."

"முடியலன்னு சொன்னது?"

"பொய்யிங்க. மொதல்ல காய்ச்சல்னு சொன்னேன். அப்பறம் மூச்சுத் திணறல், வாந்தி பேதி. ஒரு தடவ பாம்பு கடிச்சிருக்குதுங்க."

"பாம்பு?"

"சின்னப் பாம்புதானுங்க. பொழச்சிக்கிச்சு."

"எது, பாம்பா?"

"பாம்பைப் பத்தி யாரும் கேக்கலீங்க."

தட்டி லேசாக ஆடியது. காற்று என்று நினைத்தான். காற்றே இல்லாத மதியம் அது.

"புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"கதை வாசிக்கச் சொல்லிக் கேப்பனுங்க. கொலைக் கதை."

"ஏன், நீங்களே வாசிக்கலாமே. எட்டாவது படிச்சவரு."

இது வரைக்கும் எந்தச் சாமியாரிடமும் சொல்லாத பாவம் இது. சாமியார் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

"எட்டு வருசம் படிச்சனுங்க டீச்சர். மூணாவதை."

பாக்கியமேரி முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். இது அவளுக்குப் புதுச் செய்தி.

"உங்க வூட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் எதுக்கு இங்க முட்டி போட்டுக்கிட்டு இருக்கறேன்? தர்மபுரி ஆஸ்பத்திரியில இல்ல படுத்திருப்பேன்."

"அவ்வளவு மோசமா அந்தம்மா?"

"மோசம்னு சொல்லக் கூடாதுங்க," என்றான் வியாகுலம். "நல்லவதான். அஞ்சாவதோட நிறுத்திப்புட்டாங்க அவளை. எட்டாவது படிச்ச புருசன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறா. அந்தப் பெருமையை எப்படிக் கெடுக்கறதுங்க? அதான் எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல."

பதில் வந்தது. குசுகுசுப்பிலேயே கடுமை இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். புள்ளைக்குக் கணக்கு வரல. இருபதை நாலாப் பிரின்னா அழுவுது. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

"அழுவுதா? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களே."

"எப்பச் சொல்லும்? நீங்கதான் கொலைகாரனைத் தேடிக்கிட்டு இருந்தீங்களே."

வியாகுலம் தலையைத் தட்டியில் சாய்த்துக்கொண்டான். இந்தத் தடவை தட்டி ஆடியது அவனால்.

"என்ன பரிகாரம்னாலும் செய்யறனுங்க."

"மதியத்துல இனிமே புள்ளையைக் கூப்பிட வரக் கூடாது."

"வரமாட்டனுங்க."

"தெனம் சாயந்தரம் நீங்க அவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கணும். சைக்கிள் கடைக்காரருக்குக் கணக்கு வராதுன்னு சொல்லக் கூடாது. கணக்கு முடிஞ்சதும் அவ உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுப்பா."

"சரிங்க."

"இப்ப நேரா இண்டூர் சந்தைக்குப் போங்க. உங்க மாமியா கடலைக்காய் மூட்டையோட நிக்கறாங்க. விக்காத மூட்டையை சைக்கிள்ல வச்சு மொரப்பூர்ல எறக்கிட்டு வாங்க."

மாமியார் சந்தையில் நிற்பது தட்டிக்கு எப்படித் தெரிந்தது? நஞ்சப்பக் கவுண்டர் சேவல் நேர்ந்துகொண்டது ஏன் என்று இப்போது புரிந்தது.

"டீச்சருங்க, ஒண்ணே ஒண்ணு. எங்க வூட்டுக்காரி காதுக்கு இது போவக் கூடாதுங்க."

"என் வாயால உங்க பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். போயிட்டு வாங்க."

வியாகுலம் எழுந்தான். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கின மாதிரி இருந்தது. தாழ்வாரத்துப் படியைத் தாண்டியபோது, எதிரே இசபெல்லா டீச்சர் ஒரு கையில் பருப்புக் கரண்டியும் மறு கக்கத்தில் சேவலுமாக வந்துகொண்டிருந்தார்.

"வாங்க வியாகுலம். இப்பத்தான் வர்றீங்களா? உங்க வூட்டம்மாவை உள்ள உக்கார வச்சிட்டுப் போனேன். பாத்தீங்களா?"

வியாகுலம் திரும்பிப் பார்த்தான். தட்டியின் ஓரமாகப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பாக்கியமேரி வெளியே வந்தாள். முகம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற முகம்.

"மொரப்பூர் பஸ்ஸு கெடைக்கலீங்க," என்றாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரமும் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள் பாருங்கள், அவள் வாயிலிருந்து அவளுக்கே ஒரு வார்த்தை போகவில்லை. வியாகுலத்துக்கு அதுதான் தாங்கவில்லை. தட்டு கீழே விழுந்தால் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைப்பான். தட்டு விழாவிட்டால் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். கடையில் பஞ்சர் ஒட்டும்போது ஓட்டையை விட்டுவிட்டு நல்ல இடத்தில் ஒட்டினான். ஒரு சமயம் அவனே வாய் திறந்தான்.

"மேரி, எதாச்சும் கேக்கணும்னா கேட்டுரு."

"கொழம்புக்கு உப்பு போதுமாங்க?"

பரிகாரம் மட்டும் ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் கடை வாசலில் பழைய ரிம்மை நடுவில் போட்டு, ஆரக்கம்பிகளைக் கொட்டி, "இதை நாலு சக்கரத்துக்குச் சரியாப் பங்கு போடு" என்பான். சகாயமேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பங்கு போடுவாள். கொஞ்ச நாளில் மூக்கை உறிஞ்சாமல் போட்டாள். பிறகு சிலேட்டு அவன் மடிக்கு மாறும். "அப்பா, 'ழ'வுக்கு வாலை மடக்கணும். அது என்ன, பல்லி வாலா?" என்று மகள் குட்டுவாள். எட்டு வருஷம் ஒரு வாத்தியாரும் போட முடியாத வாலை அவள் போட வைத்தாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் ஒரு மருந்துப் பாட்டிலோடு வந்தாள். பாக்கியமேரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டினாள்.

"எங்கூட்டுக்காரருகிட்டக் குடு. எட்டாவதாக்கும்."

அவள் எந்த மனசோடு சொல்கிறாள் என்று வியாகுலம் முகத்தில் தேடினான். முறத்தில் கல் பொறுக்குகிற முகம்தான் தெரிந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தான்.

"வெ... ளி... ப்... பூ... ச்... சு... க்கு. வெளிப்பூச்சுக்கு."

"ஐயோ சாமி," என்றாள் செல்லம்மாள். "தெனம் ரெண்டு ஸ்பூன் அவருக்குக் குடுத்துக்கிட்டு இருக்கறேன். மூட்டுவலி போயிருச்சுன்னு சொன்னாரே."

அடுத்த தட்டிக்கு வியாகுலம் முட்டி போடாமல் முக்காலியில் உட்கார்ந்தான். முதலில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அசல் இசபெல்லா டீச்சர்தான் என்று உறுதி செய்துகொண்டான். வகுத்தல் நன்றாக வருகிறது என்றார் டீச்சர். கட்டுரையில் பசு இப்போது உயிரோடு இருக்கிறது. கன்றுக்குட்டியைத்தான் காணோம்.

அந்தத் தெம்பில் வியாகுலம் இண்டூருக்குப் போய் ஒரு நாவல் வாங்கினான். யார் துணையும் இல்லாமல், ஒரு வரி விடாமல், தானே வாசித்தான். எரவாணத்திலிருந்து எடுப்பான், வாசிப்பான், செருகுவான். ஆடிக் காற்றில் ஆரம்பித்த கொலை, ஐப்பசி மழையில்தான் கடைசி அத்தியாயத்துக்கு வந்தது. இடையில் அடுத்த மாதங்களுக்கான புத்தகங்களும் எரவாணத்தில் வரிசை கட்டி நின்றன. ஒரு மாதத்தில் முடிக்கிறவர்களுக்குத் தெரியுமா இந்தச் சுகம்? யார் மேல் சந்தேகம் வந்தாலும் அவனோடு ஒரு வாரம் குடித்தனம் செய்துவிட்டுத்தான் அடுத்தவனுக்குப் போவான். இன்னும் சில பக்கம். சாப்பிட்டு எழுந்தால் முடித்துவிடலாம். பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பாக்கியமேரி சோற்றைப் போட்டாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"கம்பவுண்டருதானுங்க. ஊசி போடற சாக்குல. ரசம் ஊத்தட்டுங்களா?"

வியாகுலம் கையிலிருந்த உருண்டை தட்டில் விழுந்தது.

"என்னது?"

"ஜமீன்தாரைக் கொன்னது. கம்பவுண்டரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எரவாணத்துல வச்சா தெரியாதுங்களா? பால் கறக்க யாரு போறது, நீங்களா? நீங்க வாங்கறது எல்லாத்தையும் மொத ஆளா நான்தான் படிக்கறேன்."

"நீ அஞ்சாவதுதான?"

"பத்தாவதுங்க. மாப்பிள்ள எட்டாவதுன்னு தரகர் சொன்னாரு. எங்கப்பா என்னை அஞ்சாவதுக்கு எறக்கிட்டாரு. புருசனுக்கு மேல போவக் கூடாதாமே." ரசக் கரண்டியோடு கொஞ்சம் யோசித்தாள். "மூணாவதுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா நான் ஒண்ணாவதுக்கு இல்ல போயிருக்கணும். அந்த மட்டும் தப்பிச்சேன்."

வியாகுலம் உருண்டையை மறுபடி எடுத்தான். கடைசியில் எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, போவட்டும். அதுக்கு அடுத்த மாசத்தது இருக்குது. அதை நானே..."

"அதுல சித்தப்பன். அதுக்கடுத்ததுல அந்த ஊமைப் பொண்ணு. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

நடந்தது இவ்வளவுதான். இதை யார் சொன்னது என்று யாராவது கேட்டால், காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள், என் பெயர் வேண்டாம். முக்கியமாகப் பாக்கியமேரி காதுக்குப் போகக் கூடாது; நானும் ஒரு நாவலைப் பாதியில் வைத்திருக்கிறேன்.